அச்சு

வடமொழி ‘அக்ஷம்’ என்னும் பதத்தினின்று பிறந்ததென்று கூறப்படும் ‘அச்சு’, சக்கரங்களைத் தாங்கும் தண்டு என்னும் பொருளில் நம்மிடையே புராதனமாக வழங்குவது. உப்பு வணிகர் வண்டியின் அடியில் கட்டிச் சென்ற ‘சேம அச்சை’ ஔவையார் உவமையாக்கியதைப் புறநானூற்று 102ஆம் பாட்டில் காணலாம். சேக்கிழார் அவதரித்த குன்றத்தூரின் பட்டறைகளிலோ இன்று ‘ஆக்சில்’தான், அதுவும் அக்ஷத்தின் தூரத்து உறவே!

நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஜீப்பில், ரிவர்ஸ் கியர் போடும் கணத்தில் அடியிலிருந்து ‘டங்’கென்று சப்தம் எழுமாயின், உடனே அச்சின்மீது பழி சுமத்துவது நியாயமன்று. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, முன்னும் பின்னும் அச்சுகளுக்கு விசையைக் கடத்தும் புரொப்பெல்லர் ஷாப்டுகளைக் கையால் இருபுறமும் திருகிப் பார்க்கையில், அவற்றின் மூட்டிலுள்ள சிலுவை வடிவான ‘கிராஸ்’ தனியே ஆடி, அதன் கப் விளிம்பில் செம்பழுப்புத் துருப்பொடியும் தென்படுமாயின், பெரும்பாலும் உள்ளிருக்கும் ஊசி பேரிங்குகள் தேய்ந்திருக்கும்.