பச்சை விறகின் விலை: சித்தூர் மாங்கூழ் ஆலைகளும் மரம் வளர்ப்போரும்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் மர எரிபொருள் பற்றிய பேச்சு மின்சாரத்தில் தொடங்குவது பொருத்தமில்லை. இங்கே தொழில் கேட்பது நீராவி. ஜூன், ஜூலையில் தோத்தாபுரி மாம்பழம் குவியும்போது கூழ் ஆலைகளின் கொதிகலன்கள் இரவு பகலாக எரிகின்றன. விறகை நம்பியவை அவற்றுள் பல. சிறு மின் நிலையத்தில் மரத்தின் வெப்பத்தில் கால் பங்கு மின்சாரமானாலே பெரிது. நல்ல கொதிகலனில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நீராவியில் சேரும்.

ஊரும் ஆலையும் நெடுங்காலம் சேர்ந்து இயங்கத் தடையாக இருப்பது விறகுக்கு விலை வைக்கும் முறை என்பதே இக்கட்டுரையின் வாதம். விறகு எடைமேடையில் டன் கணக்கில் விலை போகிறது. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதி நீராக இருக்கலாம். அத்தகைய 1,000 கிலோவை 20 விழுக்காடு ஈரத்துக்கு உலர்த்தினால் 625 கிலோ நிற்கும். ஆனால் இந்த 625 கிலோ, பச்சையாக எரித்த 1,000 கிலோவைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு கூடுதல் வெப்பம் தரும். ஈரத்தை ஆவியாக்கவே வீணாகும் வெப்பம் மிச்சப்படுகிறது. காயவைத்தவருக்கோ 375 கிலோவின் பணம் நட்டம். நேர்மையாக உலர்த்துபவரைத் தண்டிக்கும் இந்தக் கணக்கு மாறாமல் எந்த ஒப்பந்தமும் நிலைக்காது.

மாற்று வழி இம்மாவட்டங்களுக்குப் புதிதன்று. பாலுக்குக் கொழுப்பும் பிற திடப்பொருளும் பார்த்து விலை தருவது கறவை மாடு வைத்திருக்கும் வீடுகளுக்கு நன்கு தெரியும். விறகிலும் ஈரம் அளந்து வெப்பத்துக்கு விலை வைக்கலாம்.

ஊரும் மர எரிபொருளும் சேர்ந்த இரு முன்னோடிகளைப் பார்க்கலாம். கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் ஹோசஹள்ளி கிராமம் 1988 முதல் பத்தாண்டுக்கும் மேலாக மர வாயுவில் விளக்கெரித்தது, நீர் இறைத்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் அரிய பணி அது. ஆனால் மரத்தைத் தொடர்ந்து வாங்கும் தொழில் எதுவும் அதற்குத் துணை இல்லை. திருகோணமலையில் டோக்கியோ சிமெண்ட் 2008இல் அமைத்த 10 மெகாவாட் நிலையம் வேறு பாதை. உழவர்கள் வளர்க்கும் கிளிரிசிடியாவை ஆலையே வாங்கியது. 2005இல் இலங்கை அரசு அம்மரத்தைத் தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நான்காம் தோட்டப்பயிராக அறிவித்திருந்ததும் கைகொடுத்தது. சித்தூருக்கு இரண்டாவதே பொருந்தும்.

எனினும் ஏரிப் புறம்போக்கின் சீமைக்கருவேலம் ஏழைப் பெண்களின் அடுப்பெரிக்கிறது. ஆலை அங்கே கைவைத்தால் முதலில் அணைவது அந்த அடுப்பு. ஆகவே வீட்டு விறகு போக மிஞ்சுவதே ஒப்பந்தத்துக்கு வர வேண்டும். முதன்மை வரத்து வரப்பு மரமும் மாந்தோப்புக் கழிப்பும் ஆகட்டும். செம்மரம் நிற்கும் சேஷாசலம் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமானது. அம்மலையடி ஊர்களிலிருந்து வரும் ஒவ்வொரு சுமைக்கும், அது எந்தச் சர்வே எண்ணில் வெட்டியது என்ற சான்று வேண்டும்.

இன்னொரு கவலை இதைவிடப் பெரிது. 2025 ஜூனில் தோத்தாபுரி விலை சரிந்தபோது, ஆலை 8 ரூபாய், ஆந்திர அரசு 4 ரூபாய் என்று கிலோவுக்கு 12 ரூபாய் வகுக்க வேண்டியிருந்தது. பழத்துக்கும் விறகுக்கும் அதே ஆலைதான் வாங்குபவர் என்றால் உழவரின் பேரம் இன்னும் மெலியும். எனவே ஈரமானியும் உலர்களமும் மகளிர் குழுக்களின் கையில் கிராமத்திலேயே இருக்க வேண்டும். காய்ந்த விறகைச் செங்கல் சூளைக்கோ வேறு ஆலைக்கோ விற்கும் உரிமையும் குழுவுக்கு எழுத்தில் வேண்டும். ஜனவரியில் வெட்டிப் பிளந்து அடுக்கினால் ஜூனுக்குள் காய்ந்துவிடும். முன்பணம் அந்த ஜனவரியிலேயே கைக்கு வர வேண்டும்.