தங்கம் எடுத்த ஊரில் இப்ப என்ன மிச்சம்?

கேஜிஎஃப்னு சொன்னா இப்ப எல்லாருக்கும் சினிமாதான் ஞாபகத்துக்கு வருது. அந்தக் கோலார் தங்கவயல், பெரும்பாலும் நம்ம தமிழ்ச் சனங்க உழைப்புல எழும்பின ஊர். பட்டணத்துப் பிள்ளைங்க பல பேருக்கு இது தெரியாது. தை அறுவடை முடிஞ்சு கொஞ்சம் ஓய்வு கிடைச்சுது, போய்ப் பார்த்துட்டு வந்தேன். பங்காருப்பேட்டையில ரயில் மாறினா, கடைசி ஸ்டேஷன் மாரிக்குப்பம்.

1880ல ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகுதான் இங்க வேலை சூடு பிடிச்சுது. அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் தாது வருஷப் பஞ்சம். வட ஆற்காடு பக்கம் நிலமில்லாத சனங்க, அதுலயும் பெரும்பாலும் தலித் மக்கள், பிழைப்பு தேடி இங்க வந்தாங்க. பண்ணையாருக்குக் கைகட்டி நிக்காம கையில கூலி வாங்கினது இங்கதான். அயோத்திதாச பண்டிதரோட பௌத்த சங்கம் இந்த ஊர்ல வேர் விட்டதுல ஆச்சரியமே இல்ல.

1902லயே சிவசமுத்திரத்துல இருந்து சுரங்கத்துக்குக் கரண்டு வந்துடுச்சு. பெங்களூருக்கு வெளக்கு எரிஞ்சதே 1905லதான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல ஆழம். அடியில பாறைச் சூடு 60 டிகிரியைத் தாண்டும். பாறை வெடிச்சுச் செத்தவங்க உண்டு, கல்தூசி நுரையீரல்ல படிஞ்சு இருமியே செத்தவங்களும் உண்டு. மொத்தம் 800 டன் தங்கம் வெளிய போச்சு. போகப் போகத் தங்கம் குறைஞ்சு செலவு கூடுச்சு. 2001 பிப்ரவரி 28ல மூடிட்டாங்க.

தூரத்துல வெளுப்பா குன்று குன்றாத் தெரியும். மலை இல்லீங்க, சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரிச்ச பிறகு கொட்டுன மண்ணு. காத்தடிச்சா அந்தத் தூசி வீட்டுக்குள்ள வருது. லைன் வீடுங்கள்ல இன்னும் சனம் இருக்கு. விடியக்காலை ரயில்ல கூட்டம் கூட்டமா பெங்களூருக்கு வேலைக்குப் போயி ராத்திரிதான் திரும்புறாங்க.

இதை ஏன் எழுதுறேன்னா, எங்க விருத்தாசலத்துக்குப் பக்கத்துலதான் நெய்வேலி. தங்கவயல் அரசாங்கத்துக்குக் கைமாறின அதே 1956லதான் நெய்வேலி நிலக்கரி நிறுவனமும் தொடங்குச்சு. நிலக்கரியும் ஒருநாள் தீரும். நஞ்சையோ புஞ்சையோ, பார்த்து வெச்சா பேரன் காலத்துக்கும் விளையும். சுரங்கத்துக்கு அறுவடை ஒரே தடவைதான். அது முடிஞ்ச பிறகு அந்தச் சனம் எதை வெச்சுப் பிழைக்கும்னு, தோண்டும்போதே கணக்குப் போட்டு வைக்கணும்.