பிரேக்குக்குத் தைத்த செருப்பு

மோட்டார் வண்டியின் சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் அது எப்படி ஓடிற்று என்பதையே பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த வருஷம் எத்தனை மைல் வேகம், எத்தனை குதிரைச் சக்தி, எந்தப் பந்தயத்தில் யார் முதல் என்பதெல்லாம் தேடினால் கிடைக்கும். அது எப்படி நின்றது என்பதை மட்டும் ஓரத்தில் ஒதுக்கிவிடுவார்கள். கதை எழுதுகிற நாங்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. கதாநாயகன் 'விர்'ரென்று காரில் வருவான். வாசலில் 'கிரீச்'சென்று கார் நிற்கும். கதாநாயகி ஜன்னலைத் திறப்பாள். அந்தக் 'கிரீச்'சுக்குள் என்ன இருக்கிறது என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. அதற்குள் ஒரு பிரயாணமும் இருக்கிறது, ஒரு மரணமும் இருக்கிறது.

பிரயாணம் 1888-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் நடந்தது. ஜெர்மனியில் மான்ஹைம் நகரிலிருந்து பெர்த்தா பென்ஸ் என்ற அம்மாள், கணவருக்குச் சொல்லாமல், இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஃபோர்ட்ஸ்ஹைமிலுள்ள தாய் வீட்டுக்குப் புறப்பட்டார். புருஷனிடம் சொல்லாமல் பிறந்தகம் போவது நம் நாவல்களில் அன்றாடக் காரியம். ஆனால் இந்த அம்மாளுக்குக் கணவரிடம் கோபம் ஒன்றும் இல்லை. கார்ல் பென்ஸ் 1886-இல் உரிமைப் பட்டயம் வாங்கிய மோட்டார் வண்டியை வாங்குவாரில்லை. அதை ஓட்டிக் காட்டினால் ஊர் நம்பும் என்பது அம்மாளின் கணக்கு. நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். அதற்கு முன் எந்த மோட்டார் வண்டியும் அவ்வளவு தூரம் போனதில்லை.

வழியில் எண்ணெய் தீர்ந்துபோக மருந்துக் கடையில் வாங்கியதும், அடைத்துக்கொண்ட குழாயைத் தொப்பி ஊசியால் குத்திவிட்டதும் பலரும் சொல்லும் கதைகள். எனக்குப் பிடித்தது வேறொன்று. மேட்டில் பிள்ளைகள் இறங்கித் தள்ள, வண்டி ஒருவாறு ஏறிவிட்டது. இறக்கத்தில்தான் சங்கடம். அந்த வண்டியின் பிரேக் என்பது பின் சக்கரத்தை அழுத்துகிற மரக்கட்டை, அவ்வளவே. இறங்க இறங்க மரம் தேய்ந்துகொண்டே வந்தது. பௌஷ்லாட் என்ற கிராமத்தில் ஒரு செருப்புத் தைப்பவரைப் பிடித்து, கட்டைகளின் மேல் தோலை வைத்து ஆணி அடித்துத் தரச் சொன்னார் அம்மாள். உலகின் முதல் பிரேக் லைனிங் அதுதான் என்று மோட்டார் சரித்திரக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். 'முதல்' என்ற பட்டங்களில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. என்றாலும், இன்றைக்கும் பழுது பார்க்கிறவர் 'பிரேக் ஷூ' என்று சொல்லும்போதெல்லாம் அந்தச் சக்கிலியர் வீட்டுத் திண்ணைதான் என் நினைவுக்கு வருகிறது.

இங்கிலாந்திலும் கதை செருப்பில்தான் தொடங்குகிறது. டார்பிஷயர் மலைப் பக்கத்தில் குடியானவர்கள் பாரவண்டியை இறக்கத்தில் இறக்கும்போது, சக்கரத்துக்கு எதிரே பழைய பூட்ஸைக் கொடுத்து அழுத்துவார்களாம். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஹெர்பர்ட் ஃப்ரூட். இதைவிட நல்ல பொருள் ஒன்று செய்யலாமே என்று 1897-இல் தொழிலைத் தொடங்கினார். தம் பெயரின் எழுத்துக்களைக் கலைத்துப் போட்டு, மனைவி எலிஸபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து, 'ஃபெரோடோ' என்று பெயர் வைத்தார். மனைவிக்குப் பங்கு கொடுத்தது ஓர் எழுத்துத்தான் என்றாலும், அந்த எழுத்து இல்லாமல் பெயரை உச்சரிக்க முடியாது!

தோலும் பருத்தியும் ஏன் போதவில்லை? பிரேக் உண்மையில் செய்வது ஓட்டத்தைச் சூடாக மாற்றுகிற வேலை. வண்டியின் வேகம் இரட்டித்தால் அந்தச் சூடு நான்கு மடங்காகும் என்று பள்ளிக்கூடப் பௌதிகமே சொல்கிறது. மாட்டுவண்டி வேகத்துக்குத் தோல் தாங்கும். மோட்டார் வேகத்தில் கருகி நாறும். கருகிய லைனிங் பிடிக்காமல் வழுக்கும். 1902-இல் பிரெடரிக் லாஞ்செஸ்டர் சக்கரத்தோடு சுழலும் தட்டை இரு பக்கமும் செம்பினால் கவ்வுகிற டிஸ்க் பிரேக்குக்கு உரிமை பெற்றார். யோசனை அருமைதான். ஆனால் உலோகத்தோடு உலோகம் உராய்ந்து போட்ட கூச்சலைக் காது தாங்கவில்லை. அதே சமயத்தில் பிரான்ஸில் லூயி ரெனோ, உருளைக்குள் இருந்துகொண்டு வெளிப்பக்கமாக விரிந்து பிடிக்கும் ட்ரம் பிரேக்கைக் கொண்டுவந்தார். எந்த வகையானாலும், சூடு தாங்கிப் பிடி விடாத ஒரு பொருள் வேண்டியிருந்தது.

அது பூமிக்குள் கிடைத்தது. கல்நார், நம் வீட்டுக் கூரைகளில் பழகிப்போன ஆஸ்பெஸ்டாஸ், கல்லாக இருந்துகொண்டே பஞ்சு போலத் திரிக்கவும் நெய்யவும் இடம் கொடுப்பது. நெருப்பில் எரியாது. 1908 வாக்கில் ஃப்ரூட் அதை லைனிங்கில் சேர்த்தார். அதன்பின் முக்கால் நூற்றாண்டுக்கு உலகத்தில் ஓடிய கார்கள் பெரும்பாலும் கல்நாரின் தயவில்தான் நின்றன. பல லைனிங்குகளில் ஏறக்குறைய பாதி கல்நாரே.

இனி அந்த மரணத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஆலை ஊர். அங்கே டர்னர் சகோதரர்களின் கல்நார் ஆலையில் நெல்லி கெர்ஷா என்ற பெண் கல்நாரை நூலாகத் திரிக்கும் வேலை பார்த்தாள். மூச்சு முட்டத் தொடங்கி, 1922-இல் வேலைக்கே லாயக்கில்லை என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார். ஆலைக்காரர்கள் நஷ்ட ஈடு கொடுக்க மறுத்தார்கள். ஒருத்திக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள் அல்லவா? 1924 மார்ச் மாதம் அவள் இறந்தாள். வயது 33. டாக்டர் வில்லியம் குக் அவளுடைய நுரையீரலை ஆராய்ந்து, அதில் பொதிந்திருந்தது கல்நார்த் துகள்தான் என்று அந்த வருஷமே பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். 1927-இல் அந்த நோய்க்கு 'ஆஸ்பெஸ்டோஸிஸ்' என்ற பெயரும் கிடைத்தது. நெல்லியைப் புதைத்த இடத்தில் கல் நாட்டப் பணம் இல்லை. அந்த ஆலையையும் ஃபெரோடோவையும் 1920-களில் ஒரே பெருங் கம்பெனி தனக்குள் சேர்த்துக்கொண்டது.

கல்நார்த் தொழிலாளிகள் 363 பேரைப் பரிசோதித்த விவரத்தை அரசாங்க அதிகாரிகள் இருவர் 1930-இல் அறிக்கையாக வெளியிட்டார்கள். நாலில் ஒருவருக்கு நுரையீரல் கெட்டிருந்தது. 1931-இல் தூசியை உறிஞ்சி அகற்றும் விதிகள் வந்தன. அவை கல்நார்ச் சாமான் செய்யும் தொழிற்சாலைகளுக்கு மட்டும். அந்தச் சாமான் காரில் ஏறி, தேய்ந்து, பொடியாகி, ட்ரம்முக்குள் அடைந்து கிடக்கும்போது அதைத் திறக்கிறவனைப் பற்றி யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அவன் என்ன செய்வான்? ட்ரம்மைக் கழற்றி, காற்றுக் குழாயை வைத்து 'புஸ்'ஸென்று ஊதுவான். லண்டனிலும் அதே வழக்கம். அம்பாஸிடரும் ஃபியட்டும் நான்கு சக்கரத்திலும் ட்ரம் பிரேக்கோடு ஓடிய நாளில் நம் ஊர்ப் பட்டறைகளிலும் அதே வழக்கம். ஊதுகிற வேலை பெரும்பாலும் பட்டறையில் மிகச் சின்னப் பையனுக்கு.

இதற்கிடையில் லாஞ்செஸ்டரின் தட்டு ஐம்பது வருஷம் கழித்துப் பழி தீர்த்துக்கொண்டது. 1953-இல் லெமான் இருபத்து நாலு மணிப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் முதலாவதாக வந்தது. அந்தப் பந்தயத்தில் சராசரி வேகம் மணிக்கு நூறு மைலைத் தாண்டியது அதுவே முதல் தடவை. நம்பி நிறுத்தலாம் என்று தெரிந்தவனுக்குத்தான் அவ்வளவு வேகமாக ஓட்டத் தைரியம் வரும். பந்தயக் காரில் இருந்தது மெல்ல மெல்லச் சின்னக் கார்களுக்கும் இறங்கி வந்தது. இன்று நம் தெருவில் நிற்கும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னே டிஸ்க், பின்னே ட்ரம். பிரேக் போடும்போது பாரம் முன்பக்கம் சாய்வதால் முன் 'பேடு'கள்தாம் சீக்கிரம் தேயும். பேடில் உராயும் பகுதி மூன்று மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். பல பேடுகளில் ஒரு சிறு தகடு இருக்கும். தேய்மானம் எல்லை தாண்டினால் அது தட்டில் உரசிக் கீச்சிடும். எங்கள் கதைகளில் வரும் 'கிரீச்' பாதிக்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்!

பேடு தேயத் தேய பிரேக் எண்ணெயின் மட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மட்டம் குறைந்ததென்று எண்ணெயை மட்டும் ஊற்றிவிட்டுப் போகிறவர்கள் நோயை விட்டு ஜுரத்துக்கு மருந்து கொடுக்கிறவர்கள். ஒரு பக்கம் தேய்ந்திருந்தாலும் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். மாற்றியபின் காரை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கம் வந்துவிட்டதா என்று பார்ப்பது உயிர்ச் சமாசாரம்.

பிரிட்டன் 1999-இல் கல்நாரை முழுவதும் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல். அமெரிக்கா பிரேக் சாமான் உட்பட வெள்ளைக் கல்நாருக்குத் தடை விதி பிறப்பித்தது 2024-இல்தான். நெல்லி இறந்து நூறு வருஷம்! இந்தியாவில் முழுத் தடைச் சட்டம் இன்னும் இல்லை. ஆகையால் பேடு வாங்கும்போது பெட்டியின் மேல் 'ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறதா என்று மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பது நலம். கல்நாருக்குப் பதில் வந்த எஃகு இழை, செம்பு முதலியவற்றின் தூசியும் சாதுவல்ல. செம்பு மழையில் கரைந்து ஆற்று மீன்களைக் கெடுக்கிறதென்று கலிபோர்னியா 2010-இல் சட்டம் செய்தது. பிரேக்கிலிருந்து பறக்கும் தூசிக்கு ஐரோப்பா முதல் தடவையாக வரம்பு எழுதியது 2024-இல்.

பட்டறையில் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பையன் காற்றுக் குழாயை எடுத்து வந்தால், "தம்பி, ஊதாதே, ஈரத் துணியால் துடைச்சிடு" என்று சொல்லலாம். ஒரு மாதிரியாகப் பார்ப்பான். துணியையும் நாமே கொண்டுபோயிருந்தால் துடைத்துவிடுவான்.