கன்சர்வன்சி: பெங்களூரின் ஒரு சந்தும் ஒரு சொல்லும்

பெங்களூரின் மல்லேஸ்வரத்திலும் பசவனகுடியிலும் மர நிழலில் நடப்போர், வீடுகளின் பின்புறம் ஓடும் குறுகிய சந்துகளைக் கவனிப்பது அரிது. உள்ளூரார் அவற்றை இன்றும் ‘கன்சர்வன்சி’ என்றே வழங்குகின்றனர். உடல்நலம் கருதி வடிவமைக்கப்பட்ட ஒரு நகர்வெளியின் வரலாற்றை அச்சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

1898இல் பெங்களூரில் பிளேக் பரவியது. அதன் கிருமியை அலெக்சாந்தர் எர்சின் 1894இலேயே ஹாங்காங்கில் கண்டறிந்திருந்தார். எனினும் நோயைக் கடத்துவது எலியின் தெள்ளுப்பூச்சி என்று பால்-லூயி சிமோன் முன்வைத்தது 1898இல்தான். அக்கருத்து ஏற்கப்பட மேலும் சில ஆண்டுகள் ஆயின. ஆகவே நெரிசலும் தேங்கிய காற்றுமே நோயின் காரணங்களாகக் கருதப்பட்டன. முன்னரே திட்டமிடப்பட்டிருந்த இவ்விரு விரிவாக்கப் பகுதிகளும் பிளேக்கிற்குப் பின் விரைந்து வளர்ந்தன. பழைய பேட்டையின் நெரிசலுக்கு மாற்றாக நேரான தெருக்கள், வீட்டைச் சுற்றித் திறந்தவெளி, பூங்காக்கள் ஆகியன அமைந்தன. பின்னர், 1908இல் இந்நகருக்கு வந்த ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநர் கிரும்பீகல், ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு மரம் பூத்திருக்குமாறு சாலை மரங்களைத் தேர்ந்தார். நோய்க்காரணம் பற்றிய புரிதல் குறையுடையதாயினும், அதனால் விளைந்த வெளி நன்மையே செய்தது.

ஆனால் அந்நன்மை அனைவருக்கும் உரியதாக இருக்கவில்லை. உலர் கழிப்பறைகளின் மலத்தை அகற்றியோர் முன்தெருவில் தென்படாமல் வந்துபோகவே பின்சந்து வகுக்கப்பட்டது. அவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர். ‘கன்சர்வன்சி’ என்பதன் லத்தீன் வேருக்குக் ‘காத்தல்’ என்று பொருள். காலனிய இந்திய நிர்வாக வழக்கில் அது துப்புரவுப் பணியைக் குறித்தது. காக்கப்பட்டது முன்தெருவினரின் நலம். அதைக் காத்தவர்களின் நலம் வரைபடத்தில் இடம்பெறவில்லை. தலையில் மலம் சுமக்கும் முறைக்கு கர்நாடகத்தில் தடை வந்தது 1970களில்தான், அமைச்சர் பி. பசவலிங்கப்பா அதை முன்னின்று கொணர்ந்தார்.

அண்மை ஆண்டுகளில் மல்லேஸ்வரத்தின் சில சந்துகள் சுவரோவியங்களுடன் நடைவழிகளாகப் புதுப்பிக்கப்பட்டுள்ளன. இது வரவேற்கத்தக்கது. ஆயினும் சந்து அழகுறும்போது அதன் பழைய பணி மறக்கப்படலாகாது. நலம் தரும் வெளியை வடிவமைப்போர், அதில் உலவுவோரை மட்டுமன்றி, அதைத் தூய்மையாக வைத்திருப்போரையும் கணக்கில் கொள்ள வேண்டும். விடியலில் பூங்காவைப் பெருக்குபவர் அமர நிழலும் அருந்த நீரும் பயன்படுத்தக் கழிப்பறையும் அங்கு உண்டா என்ற கேள்வியும் வடிவமைப்பைச் சார்ந்ததே.

பெங்களூர்த் தமிழர் வீடுகளில் இச்சந்துக்கு வேறு பெயர் வழங்கியிருப்பின், அறிந்தோர் தெரிவிக்க வேண்டுகிறேன்.