டிக் டைகர்

டிக் டைகர் (1929–1971): நைஜீரியக் குத்துச்சண்டை வீரர். மிடில்வெயிட், லைட் ஹெவிவெயிட் ஆகிய இரு எடைப் பிரிவுகளிலும் உலகப் பட்டம் வென்றவர். இயற்பெயர் ரிச்சர்ட் இஹேட்டு. இக்போ இனத்தவர். அமைக்போ என்ற ஊரில் பிறந்து, ஆபா நகரச் சந்தையில் சிறு வியாபாரம் செய்துகொண்டே சண்டை பழகினார்.

1955-இல் பிழைப்புத் தேடி லிவர்பூல் சென்றார். அங்கே மோதிய முதல் நான்கு போட்டிகளிலும் தோல்வி. வேறொருவர் ஊர் திரும்பியிருப்பார். டைகர் அங்கேயே கிடந்து, 1958-இல் பாட் மெக்அட்டீரை ஒன்பதாம் சுற்றில் வீழ்த்திக் காமன்வெல்த் பட்டத்தைப் பிடித்தார். மறு ஆண்டே நியூயார்க் பயணம்.

உயரம் சுமார் 5 அடி 8 அங்குலம்தான். எதிராளியின் கைவீச்சைச் சமாளிக்க அவருக்கு ஒரே வழி, அடி வாங்கினாலும் முன்னேறி நெஞ்சோடு நெஞ்சாக நெருங்குவது. நெருங்கிவிட்டால் இடது ஹுக் விலாவிலும் தாடையிலும் மாறி மாறி இறங்கும். 1962 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் ஜீன் ஃபுல்மரை 15 சுற்றுகளில் வென்று மிடில்வெயிட் உலக சாம்பியன் ஆனார். 1963 ஆகஸ்டில் அதே ஃபுல்மரை இபாதான் நகருக்கே வரவழைத்து மோதினார். ஏழு சுற்றுகளுக்குப் பின் ஃபுல்மரால் எழ முடியவில்லை. நைஜீரிய மண்ணில் நடந்த முதல் உலகப் பட்டப் போட்டி அது. அவ்வாண்டின் இறுதியில் ஜோயி ஜியார்டெல்லோவிடம் பட்டத்தை இழந்து, 1965-இல் மீட்டார். 1966 ஏப்ரலில் எமில் கிரிஃபித்திடம் மீண்டும் பறிகொடுத்தார். நடுவர்களின் அந்தத் தீர்ப்பு இன்றும் சர்ச்சைக்குரியது.

அவருடைய உண்மையான பெருமை அதற்குப் பிறகுதான். 37 வயதில், 175 பவுண்டு வரை அனுமதியுள்ள லைட் ஹெவிவெயிட் பிரிவில் அதைவிடப் பல பவுண்டு குறைவாக இறங்கி, 1966 டிசம்பரில் ஹோசே டோரஸை வென்று உலகப் பட்டத்தைப் பிடித்தார். 1968-இல் நெடிதுயர்ந்த பாப் ஃபாஸ்டர் நான்காம் சுற்றில் அவரைச் சாய்த்தார். வாழ்நாளில் டைகர் நாக் அவுட் ஆனது அந்த ஒரு முறைதான்.

இதற்கிடையில் 1967-இல் இக்போ மக்கள் மிகுந்த கிழக்கு நைஜீரியா, பயாஃப்ரா என்ற தனிநாடாகப் பிரிந்து போர் மூண்டது. டைகர் பயாஃப்ரா பக்கம் நின்று, அதன் படையில் சேர்ந்து வீரர்களுக்கு உடற்பயிற்சி அளித்தார். ஊரில் வாங்கிப் போட்ட சொத்துகள் போரில் போயின. நைஜீரிய அரசுக்குப் பிரிட்டன் அளித்த ஆதரவைக் கண்டித்து, அந்நாடு தமக்கு வழங்கியிருந்த எம்.பி.இ. விருதை 1969-இல் திருப்பி அனுப்பினார்.

கடைசிப் போட்டி 1970-இல், கிரிஃபித்துடன், அதிலும் தோல்வி. பிறகு நியூயார்க்கில் ஓர் அருங்காட்சியகக் காவலராக வேலை பார்த்தார். ஈரல் புற்றுநோய் கண்டதும் நாடு திரும்பி, 1971 டிசம்பர் 14 அன்று ஆபாவில் காலமானார். 60 வெற்றி, 19 தோல்வி, 3 சமன் என்பது அவரது கணக்கு. 1991-இல் சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.