டீசல் கேட்கும் பங்கு

செஞ்சியும் அதனை அடுத்துள்ள சிங்கவரமும் கடலைக் காணாத ஊர்கள். ஆயினும் இம்மண்ணுக்கும் கடலுக்கும் உள்ள உறவு பழைமையானது. செஞ்சி மலைப்பகுதியில் தோன்றும் சங்கராபரணி ஆறு புதுச்சேரிக்குத் தெற்கே கடலைச் சேர்கிறது. அதன் ஒரு கிளையாகிய அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டியே தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம் அமைந்துள்ளது. நாயக்கர் காலத்தில் பரங்கிப்பேட்டை, தேவனாம்பட்டினம் ஆகிய துறைகள் செஞ்சிக் கோட்டையின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. இயேசு சபைக் குருவான நிக்கொலாவ் பிமெந்தா 1597-இல் செஞ்சிக்கு வந்து கிருஷ்ணப்ப நாயக்கரைச் சந்தித்த நாளில், அத்துறைகளை நாடி வந்த கலங்கள் யாவும் காற்றை நம்பியே வந்தன. பருவக்காற்று திரும்பும்வரை காத்திருக்கும் பொறுமை கடலோடிக்கு வேண்டியிருந்தது. காற்றுக்கு அவன் விலை கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மீனவரின் கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் இது பொருந்தும். மரம், வலை, பாய் ஆகியவற்றுக்கே செலவு. பிடிபட்ட மீன் கரைக்கு வந்ததும் பங்கு பிரிக்கப்பட்டது. ஆளுக்கு ஒரு பங்கு, மரத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு என ஊருக்கு ஊர் கணக்கு மாறுபட்டாலும், உழைத்தவன் கூலியாளாக அன்றிப் பங்காளியாகவே கருதப்பட்டான். நம் கடற்கரை ஊர்கள் பலவற்றில் கோயிலுக்கும் மீனில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. நாம் தலத்திருச்சபையைப் 'பங்கு' என்றும் அதன் குருவைப் 'பங்குத்தந்தை' என்றும் அழைக்கிறோம். கடற்கரையில் அச்சொல்லுக்கு மீன்வாசம் உண்டு. சீமோனுக்கு யாக்கோபும் யோவானும் தொழிலில் பங்காளிகளாயிருந்தனர் என்று லூக்கா குறிப்பிடுகிறார். செபதேயுவின் படகில் கூலியாள்களும் இருந்தனர் என்பதை மாற்கு மறைக்கவில்லை. பங்காளியும் கூலியாளும் ஒரே கரையில் நின்ற தொழில் அது, அன்றும்.

இந்தப் பங்குக் கணக்கினுள் எஞ்சின் எவ்வாறு நுழைந்தது என்பதே இங்குச் சொல்ல வந்தது.

1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அவையும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, அடுத்த ஆண்டு கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் இந்திய-நார்வேத் திட்டம் தொடங்கியது. சக்திகுளங்கரை நம் கத்தோலிக்க மீனவர் நிறைந்த ஊர். அங்கிருந்த நாட்டு வள்ளங்களிலேயே எஞ்சினைப் பொருத்தும் முயற்சி பயனளிக்காமற் போகவே, புதிய வடிவப் படகுகள் கட்டப்பட்டன. முதலில் கருதப்பட்டது உள்ளூர் மக்களின் உணவும் நல்வாழ்வும். பின்னர் இறால் ஏற்றுமதி பெருகியபோது, இழுவை மடியைக் கட்டி இழுக்கும் ஆற்றலே எஞ்சினின் முதன்மைப் பணியாயிற்று. டீசல் மலிவாக இருந்த காலம் அது. இறால் விலையின் முன் எரிபொருள் செலவு எவர் கண்ணையும் உறுத்தவில்லை.

தமிழகக் கரையிலும் அரசுக் கடனுதவியுடன் விசைப்படகுகள் பெருகின. இவற்றில் பலவற்றுக்கு எஞ்சினாக அமைந்தது லாரியை இழுப்பதற்கென உருவான அசோக் லேலண்ட் எஞ்சின், கடலுக்கேற்ப மாற்றியமைக்கப்பட்ட வடிவில். இத்தேர்வைக் குறைகூற எனக்கு மனமில்லை. உதிரிபாகம் எந்த நெடுஞ்சாலை ஊரிலும் கிடைத்தது; அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் ஒவ்வொரு துறையிலும் இருந்தார். நடுக்கடலில் நின்றுபோகும் சிக்கனமான எஞ்சினைவிட, கரைசேர்க்கும் செலவாளி எஞ்சின் மேல் என்பது மீனவரின் கணிப்பு. அது உயிரை வைத்துப் போடும் கணக்கு.

1973-இலும் 1979-இலும் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை பாய்ந்தேறியதும் நிலைமை மாறியது. குமரி மாவட்டத்தில் திருச்சபை இதற்குள் வேறொரு வழியில் முயன்றுகொண்டிருந்தது. 1963-இல் கோட்டாறு மறைமாவட்டத்தில் அருள்தந்தை ஜேம்ஸ் டோம்பர் தொடங்கிய சமூக சேவைச் சங்கம் மீனவர் கூட்டுறவுக்கு வித்திட்டது. முட்டத்தில் பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த பியர் ஜில்லேயின் முயற்சியால், அலையடிக்கும் வெறுங்கரையில் இறக்கியேற்றத்தக்க சிறிய ஒட்டுப்பலகைப் படகுகள் உருவாயின. துறைமுகமும் பேரெஞ்சினும் தேவைப்படாத கலங்கள் இவை. அவர் 1985-இல் வெளியிட்ட நூலுக்கு இட்ட தலைப்பின் பொருள், 'சிறியது கடினமானது' என்பதாகும். சிறியது அழகானது என்று உலகம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், பட்டறையில் நின்றவர் இவ்வாறு தலைப்பிட்டார்!

அச்சிறு படகுகளுக்கும் விரைவில் மண்ணெண்ணெயில் ஓடும் ஜப்பானிய அவுட்போர்டு எஞ்சின்கள் வந்தன. இலேசானவை, தூக்கிச் செல்லத்தக்கவை. ஆனால் ஒரே அளவு வேலைக்கு டீசல் எஞ்சினைப்போல் ஏறத்தாழ இருமடங்கு எரிபொருளைக் குடித்தன. மானிய மண்ணெண்ணெய் கிடைத்தவரை இது தெரியவில்லை. ஒதுக்கீடு சுருங்கச் சுருங்க, கள்ளச்சந்தையில் வாங்கியவர்களுக்குத் தெரிந்தது.

இக்காலத்தில், 1979 முதல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு செயல்பட்ட வங்காள விரிகுடாத் திட்டத்தின் சார்பில், ஓய்விந்த் குல்பிரான்சன் என்னும் நார்வேப் படகுப் பொறியாளர், சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி 1986-இல் ஓர் அறிக்கை எழுதினார். அதன் அறிவுரை எளியது: வேகத்தைக் குறையுங்கள், அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் படியாமல் காத்துக்கொள்ளுங்கள், கியர் பெட்டியின் துணையால் பெரிய புரொப்பல்லரை மெதுவாகச் சுழலவிடுங்கள். இதன் பின்னுள்ள இயற்கை விதியை நாமும் அறிந்துகொள்ளலாம். நீரைக் கிழித்துச் செல்லும் படகின் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், தேவைப்படும் திறன் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைகிறது. மாறாக, 15 மீட்டர் நீளமுள்ள மரப்படகு மணிக்குச் சுமார் 9 கடல்மைல் வேகத்தை எட்டியதும், தானே எழுப்பிய அலையின் பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது. அதற்குமேல் எத்தனை குதிரைத்திறனை ஏற்றினாலும் பெரும்பகுதி அலையாகவும் புகையாகவும் போய்விடும்.

அப்படியிருந்தும் பழைய படகுகளில் மேன்மேலும் பெரிய எஞ்சின்களை ஏற்றுவது ஏன்? கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வரும்போது படகுகள் கரையேற்றப்படுகின்றன. எஞ்சின் இறக்கிப் பழுதுபார்க்கப்படுகிறது. புதியது பற்றிப் பேச்சு எழுகிறது. பக்கத்துப் படகு முன்னதாகக் கரை சேர்ந்து ஏலத்தில் நல்ல விலை பெறுகிறது. பெரிய மடியை இழுக்கிறது. அதனோடு போட்டியிட வேண்டும் என்பது படகு உரிமையாளரின் நியாயம். பலருக்குக் கடன் கொடுத்த வியாபாரியின் நெருக்குதலும் உண்டு. இவ்வாறு சீனத் தயாரிப்பு எஞ்சின்கள் 300, 400 குதிரைத்திறன் அளவில் படகுகளில் ஏறின. காசிமேடு போன்ற துறைகளில் மீனவர்களே இவற்றுக்கு எதிராகப் போராடினர். தமிழக அரசின் 2020-ஆம் ஆண்டு விதிகள் 240 குதிரைத்திறனை உச்சவரம்பாக விதித்துள்ளன.

இனி அந்தப் பங்குக் கணக்கைப் பார்ப்போம். பெரும்பாலான விசைப்படகுத் துறைகளில், ஏலத்தில் வந்த தொகையிலிருந்து டீசல், ஐஸ், உணவு ஆகிய செலவுகள் முதலில் கழிக்கப்படுகின்றன. எஞ்சியதே உரிமையாளருக்கும் தொழிலாளர்களுக்கும் பிரிக்கப்படுகிறது. அச்செலவில் பெரும்பகுதி டீசல். அதாவது, எஞ்சினைத் தேர்ந்தெடுப்பவர் உரிமையாளர்; அது குடிக்கும் எரிபொருளுக்குத் தம் உழைப்பிலிருந்து விலை கொடுப்போரில் தொழிலாளரும் அடங்குவர். 40 குதிரைத்திறன் கூடுதலாக வேண்டுமா என்று அவர்களை எவரும் கேட்பதில்லை. 2013 சனவரியில் மொத்தக் கொள்முதலாளர்களுக்கான டீசல் மானியம் நீக்கப்பட்டு, லிட்டருக்கு ஏறத்தாழ 10 ரூபாய் ஏறியபோது, மீனவர் நிலையங்களில் டீசல் வாங்கிய படகுகள் கரையில் நின்றன. உரிமையாளரின் நட்டத்தைச் செய்தித்தாள்கள் எழுதின. அப்பயணங்களின் பங்கு எத்தனை வீடுகளுக்கு வெறுங்கையாக வந்தது என்பதை எழுதியவர் குறைவு. முதலைவிட உழைப்பே முதன்மையானது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் உழைப்பைப் பற்றிய தம் சுற்றுமடலில் கற்பித்தார். துறைமுகத்தின் கணக்குப் புத்தகத்தில் டீசல் முதல் வரியிலும் உழைப்பு கடைசி வரியிலும் இருக்கின்றன.

பாக் நீரிணையில் 2017-இல் தொடங்கப்பட்ட ஆழ்கடல் திட்டமும் இங்கேயே இடறிற்று. பழைய இழுவைப் படகை ஒப்படைப்பவருக்கு 80 இலட்சம் ரூபாய் மதிப்பில் சூரை பிடிக்கும் புதிய படகு. அதில் பாதியை நடுவண் அரசும் 20 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்றன. இராமேசுவரம், பாம்பன், தங்கச்சிமடம் மீனவர்கள் தயங்கினர். அன்று புறப்பட்டு மறுநாள் திரும்பிப் பழகியவர்களுக்கு, வாரக்கணக்கில் கடலில் தங்கும் பயணத்தின் டீசலுக்கு முன்பணம் எங்கிருந்து வரும்? படகின் விலைக்கு மானியம் இருந்தது. தூரத்தின் விலைக்கு இருக்கவில்லை. தூத்தூர் மீனவர்களோ தலைமுறைகளாக ஆழ்கடலைப் பழகியவர்கள். அவர்கள் எத்தனை தொலைவுவரை மீனைத் தேடிச் செல்ல நேர்ந்துள்ளது என்பதை 2017 நவம்பரில் ஒக்கிப் புயலே நாட்டுக்கு அறிவித்தது.

தமிழக அரசு விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டராக இருந்த வரிவிலக்கு டீசலை 19,000 லிட்டராக உயர்த்த 2023-இல் முன்வந்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் அளவு படகுக்குத்தான். முழுத்திறனில் ஓடும் டீசல் எஞ்சின், ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் கால் லிட்டர் எரிக்கும். நாளுக்குப் பத்து மணி நேரம் அவ்வாறு ஓடினால், 100 குதிரைத்திறன் படகுக்கு இந்த ஒதுக்கீடு 76 நாள் வரும். 240 குதிரைத்திறன் படகுக்கு 32 நாள்கூட வராது. மிச்ச நாள்களின் டீசல் முழு விலைக்கு வாங்கப்பட்டு, மாலை ஏலம் முடிந்ததும் முதலில் கழிக்கப்படுகிறது.