அழுகிறவர் முன்னால் கேமரா

1956இல் பிரெஞ்சுத் தணிக்கைக்காரர்களுக்கு ஒரு தொப்பி பிரச்சினையாக இருந்தது. அலென் ரெனே இயக்கிய ‘இரவும் மூடுபனியும்’ வெறும் 32 நிமிட ஆவணப்படம். நாஜி வதைமுகாம்களின் பழைய கறுப்பு வெள்ளைக் காட்சிகளையும், புல் முளைத்துக் கிடக்கும் அதே முகாம்களை ரெனே வண்ணத்தில் எடுத்த காட்சிகளையும் மாற்றி மாற்றிக் கோத்த படம். எலும்பும் தோலுமான பிணங்களைப் புல்டோசர் குழிக்குள் தள்ளுகிற காட்சி அதில் உண்டு. தணிக்கைக்காரர்கள் அதைப் பார்த்தும் முனகினார்கள்தான். ஆனால் அவர்களை உண்மையில் உறுத்தியது ஒரு சாதாரணப் புகைப்படம். பித்திவியே முகாமின் காவல் கோபுரத்தில் ஒருவர் நின்று கீழே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் தலையில் இருப்பது ஜெர்மன் தொப்பி அல்ல, பிரெஞ்சுக் காவலர்கள் போடும் கெப்பி.

பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் தொப்பிக்கு மேல் ஒரு மரச்சட்டம் குறுக்கே போவதுபோல வரைந்து மறைத்தார்கள். பிணங்கள் அப்படியே இருந்தன. அதே ஆண்டு மேற்கு ஜெர்மனி ஆட்சேபித்ததால் கான் விழாவின் போட்டிப் பிரிவிலிருந்தும் படம் விலக்கப்பட்டது.

‘இதையெல்லாம் காட்டணுமா?’ என்ற கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொப்பிதான் ஞாபகம் வரும். நாம் கேட்பது கோரத்தைப் பற்றி என்று நினைத்துக்கொண்டிருப்போம். பெரும்பாலும் நம் ஆள் யாராவது அந்தப் படத்துக்குள் நிற்கிறாரா என்பதுதான் கேள்வி.

அடுத்த தலைமுறையில் க்ளோத் லான்ஸ்மன் இதற்கு நேர் எதிர்த்திசையில் போனார். 1985இல் வெளிவந்த ‘ஷோவா’ ஒன்பது மணி நேரத்துக்கும் அதிகம். எடுத்து முடிக்கப் பதினோரு ஆண்டுகளுக்கும் மேல் ஆனது. அதில் ஒரு பிணம்கூடக் கிடையாது. பழைய காட்சித் துணுக்கு எதையும் அவர் சேர்க்கவில்லை. மனிதர்கள் பேசுகிறார்கள், ரயில்கள் போகின்றன, காடு அமைதியாக இருக்கிறது. விஷவாயு அறைக்குள் நடந்ததை நாஜிக்காரன் ஒருவன் ரகசியமாகப் படம்பிடித்திருந்து, அது தன் கைக்குக் கிடைத்தால் அழித்துவிடுவேன் என்றுகூட லான்ஸ்மன் பிற்பாடு எழுதினார். படத்தைப் பார்த்துவிட்டால் நமக்குத் தெரிந்துவிட்டது என்ற நினைப்பு வந்துவிடும், அது வரவே கூடாது என்பது அவர் கட்சி.

கேட்க உயர்வாகத்தான் இருக்கிறது. ஆனால் பிணத்தைக் காட்டாதவர் உயிரோடிருந்த ஒருவரை என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். ஆப்ரஹாம் போம்பா முடிதிருத்துபவர். விஷவாயு அறைக்குப் போகிற பெண்களின் தலைமுடியை வெட்டும் வேலையை ட்ரெப்ளிங்கா முகாமில் அவர்மீது சுமத்தியிருந்தார்கள். லான்ஸ்மன் அவரைத் தேடிப் பிடித்தபோது தொழிலிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். லான்ஸ்மன் இஸ்ரேலில் ஒரு முடிதிருத்தும் கடையை வாடகைக்கு எடுத்து, நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்து, போம்பா கையில் கத்தரிக்கோலைக் கொடுத்துப் பேசச் சொன்னார். கை தன் போக்கில் வேலை செய்தால் நினைவும் கூடவே வரும் என்ற கணக்கு.

கணக்கு பலித்தது. முதலில் போம்பா ஏதோ அலுவலக அறிக்கை வாசிப்பதுபோல விவரங்களைச் சொல்கிறார். பிறகு, தன்னோடு வேலை செய்த தன் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார். அந்த நண்பரின் மனைவியும் சகோதரியும் ஒருநாள் அந்த அறைக்குள் வந்துவிட்டார்கள். அங்கே குரல் நின்றுபோகிறது. கை மட்டும் அசைகிறது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். முடியாது, விட்டுவிடுங்கள் என்கிறார். லான்ஸ்மன் விடவில்லை. சொல்லித்தான் ஆகவேண்டும் என்கிறார், திரும்பத் திரும்ப. கேமரா அந்த முகத்தை விட்டு நகர்வதே இல்லை. கடைசியில் போம்பா சொல்லிவிடுகிறார்.

நான் இதை முதலில் பார்த்தபோது கல்லூரி அறையில் இருந்தேன். பக்கத்திலிருந்த நண்பன், “நிறுத்துடா, அந்தாளை விடச் சொல்லு” என்றான். யாரிடம் சொல்வது? அந்தச் சில நிமிடங்கள் இல்லாமல் போயிருந்தால் உலகத்துக்கு ஒரு சாட்சியம் குறைந்திருக்கும் என்பது உண்மை. ஒரு முதியவரை அவர் மறுத்த பிறகும் உடையும்வரை தள்ளினார்கள் என்பதும் உண்மை. எனக்கு இன்றுவரை இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கத் தெரியவில்லை.

இதே இக்கட்டு 2012இல் வேறு வேஷத்தில் வந்தது. இந்தோனேசியாவில் 1965-66இல் கம்யூனிஸ்டுகள் என்று முத்திரை குத்தி ஐந்து லட்சம் பேராவது கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் தண்டிக்கப்படவில்லை, பதவியில் உட்கார்ந்தார்கள். ஜோஷுவா ஓபன்ஹைமர் முதலில் தப்பிப் பிழைத்தவர்களைத்தான் படமெடுக்கப் போனார். ராணுவம் அவர்களை மிரட்டியது. சரி, கொன்றவர்களையே கேளுங்கள், அவர்கள் பெருமையாகச் சொல்வார்கள் என்று பாதிக்கப்பட்டவர்களே வழிகாட்டினார்கள். அப்படி அவர் சந்தித்த 41ஆவது ஆள்தான் ‘தி ஆக்ட் ஆஃப் கில்லிங்’ படத்தின் அன்வர் காங்கோ.

அன்வர் மேடான் நகரத்து ரவுடி. (தோட்ட வேலைக்குப் போன தமிழர்கள் குடியேறிய அதே மேடான்தான்.) தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்றுப் பிழைத்தவர். இடதுசாரிகள் ஹாலிவுட் படங்களுக்கு எதிராகக் கிளம்பியதால் வருமானம் போயிற்று என்ற கோபம் அந்தக் கும்பலுக்கு இருந்தது. படத்தில் அவர் ஒரு மொட்டை மாடிக்குப் போய், ரத்தம் நாறாமல் இருக்கக் கம்பியால் கழுத்தை இறுக்கிய முறையைச் செய்து காட்டிவிட்டு, அங்கேயே ச்ச ச்ச ச்சா நடனம் ஆடுகிறார். அந்தக் காட்சியை அவருக்கே திரையில் போட்டுக் காட்டுகிறார்கள். அவருக்கு உறுத்துவது தான் போட்டிருந்த வெள்ளை பேண்ட். அந்த வேலைக்கு யார் வெள்ளை போடுவார்கள் என்கிறார்.

பலரும் பேசுவது படத்தின் இறுதியில் அதே மாடியில் அன்வர் குமட்டுவதைப் பற்றி. அது நிஜமா நடிப்பா என்று சண்டை போட்டவர்களும் உண்டு. எனக்கு அதைவிடப் பெரிய காட்சி அன்வரின் அண்டைவீட்டுக்காரர் வருவது. கொலைகளை மறுபடி நடித்துப் படமாக்கும் செட்டில், அவர் சிரித்துக்கொண்டே ஒரு ‘உண்மைக் கதை’ சொல்கிறார். சின்ன வயதில் ஓர் இரவு அவருடைய சீன வளர்ப்புத் தந்தையை வீட்டிலிருந்து இழுத்துப்போனார்கள். மறுநாள் எண்ணெய் டிரம் ஒன்றுக்கு அடியில் பிணம் கிடந்தது. சிறுவனும் தாத்தாவுமாகத் தூக்கிப்போய்ப் புதைத்தார்கள். குறை சொல்லவில்லை, படத்துக்கு ஒரு யோசனைதான் என்று அவசரமாகச் சேர்த்துக்கொள்கிறார். கொன்றவர்கள், எல்லாக் கதையையும் சேர்த்தால் படம் முடியவே முடியாது என்று தட்டிக் கழிக்கிறார்கள். பிறகு அவரையே நாற்காலியில் உட்காரவைத்து விசாரணைக் கைதியாக நடிக்கச் சொல்கிறார்கள். மூக்கு ஒழுக, நடுங்கி அழுகிறார். அது நடிப்பே அல்ல. கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது.

போம்பாவிடமாவது, இது எதற்கு என்று தெரிந்த ஒருவர் எதிரில் நின்றார். இவரைச் சுற்றி நின்றவர்கள் கொலைகாரர்கள். நான் அந்த இயக்குநரின் இடத்தில் இருந்தால் நிறுத்தியிருப்பேனா? நிறுத்தியிருப்பேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்தக் காட்சியைப் பார்த்த பிறகுதான் அங்கே பயம் நாற்பது வருடமாக எப்படிக் குடித்தனம் நடத்தியது என்று எனக்குப் புரிந்தது. என் புரிதலுக்கு அவர் விலை கொடுத்திருக்கிறார்.

இந்தோனேசியாவின் டெம்போ பத்திரிகை 2012 அக்டோபரில் கொன்றவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டிச் சிறப்பிதழே கொண்டுவந்தது. அதற்குமுன் அங்கே வெளிப்படையாக அதிகம் பேசப்படாத விஷயம்.

அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் பெயர்ப்பட்டியல் வந்ததும் எழுந்துவிடாதீர்கள். இணை இயக்குநர் ஒருவரில் தொடங்கி ஒப்பனை செய்தவர், வண்டி ஓட்டியவர்வரை, இந்தோனேசியக் குழுவினர் பலரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பெயர் தெரிவிக்க விரும்பாதவர்’ என்ற பொருள்தரும் ஒரே சொல், வரிசையாக, திரை முழுக்க ஏறிக்கொண்டே போகிறது.